குளவிக்கூடு நீக்கப்பட்டது

அந்தக் கட்டுரைக்குள் ஒன்பது இடங்களில் ஒரு மனிதர் வந்து போனார். கடைசியில் இருந்த மேற்கோள் பட்டியலில் அவரைக் காணவில்லை. மொத்தம் அறுபத்து மூன்று ரெஃபரன்ஸ். பட்டியலில் இருப்பவர் கட்டுரைக்குள் இருக்கிறாரா, கட்டுரைக்குள் இருப்பவர் பட்டியலில் இருக்கிறாரா என்று இரண்டு பக்கமும் தேடிப் பிடித்துப் பென்சிலால் டிக் அடிப்பது என் வழக்கம். அறுபத்து மூன்று பேரும் ஒழுங்காக டிக் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த ஒருவர் மட்டும் உள்ளே ஒன்பது தடவை தலைகாட்டிவிட்டு, வெளியே வரமாட்டேன் என்று நின்றார். அவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘தனிப்பட்ட தகவல்’ என்று மட்டும் போட்டிருந்தது.

விஞ்ஞானிகள் எழுதுகிற கட்டுரையை, அதை வெளியிடப்போகும் ஆய்விதழ் கேட்கிற வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. ஒரு இதழுக்கு ஆண்டை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இன்னொன்றுக்கு ஆண்டு கடைசியில் வர வேண்டும், அடைப்புக்குறி கூடவே கூடாது. ஒன்றுக்கு இதழின் பெயர் முழுசாக வேண்டும், ஒன்றுக்குப் பாதியில் வெட்டிப் புள்ளி வைக்க வேண்டும். பக்க எண்களுக்கு நடுவில் வரும் கோடு சின்னதா நீளமா என்று சண்டைக்கு வருகிற இதழ்கள் இருக்கின்றன. இதற்கெல்லாம் மென்பொருள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. அது செய்து வைக்கிற கூத்தைச் சரிசெய்யத்தான் என்னிடம் வருகிறார்கள். என் கணவர் இதற்கு ‘வால் சீவி விடுற வேலை’ என்று பெயர் வைத்திருக்கிறார். தலை எப்படி இருந்தாலும் எனக்கென்ன, வால் அழகாக இருக்க வேண்டும். கட்டுரையின் உள்ளே என்ன சொல்லியிருக்கிறது என்பதில் நான் வாய் திறப்பதில்லை. படிக்காமல் இருப்பதில்லை, அது வேறு விஷயம்.

இது மண் கூடு கட்டும் குளவிகள் பற்றிய கட்டுரை. நாற்பது கட்டடங்கள், பதினோரு வருடங்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு கூடுகள். கூட்டைச் சுரண்டி எடுத்துவிட்டாலும் அடுத்த பருவத்திலேயே குளவிகள் அதே இடத்துக்குத் திரும்பி வந்து புதிதாகக் கட்டுகின்றன என்பதுதான் கட்டுரையின் உயிர். அந்த உயிர் முழுவதும் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் அதே மனிதரின் பெயர். எழுதியவர் விலங்கியல் விரிவுரையாளர், நான் மேடம் என்று கூப்பிடுவேன். இதற்கு முன்னால் இரண்டு கட்டுரைகளுக்கு என்னிடம் வந்தவர். மூன்று வருடத் தற்காலிகப் பணியில் இருக்கிறார். இந்த இதழில் இந்தக் கட்டுரை வந்தால் நிரந்தரம், வராவிட்டால் அடுத்த மாதத்தோடு வீட்டுக்கு என்று முதல் நாளே சொல்லியிருந்தார். கோடு ஒன்று, புள்ளி ஒன்று தப்பாகப் போய் அதனால் திரும்பி வந்துவிட்டது என்று இருக்கக் கூடாது என்றார். திங்கட்கிழமை கடைசி நாள்.

இதழின் விதிமுறை முப்பத்தொரு பக்கம். இருபத்தேழாம் பக்கத்தில் இருந்தது நான் தேடியது. தனிப்பட்ட தகவலைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. தகவல் தந்தவரின் பெயரையும் தந்த தேதியையும் கட்டுரைக்குள் குறிப்பிட வேண்டும். அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தை இணைக்க வேண்டும். ஆக, அவர் பட்டியலில் இல்லாதது சரிதான். தேதியும் இல்லை, கடிதமும் இல்லை, அதுதான் தப்பு. மேடத்துக்கு எழுதிக் கேட்டேன். எப்போதும் ஒரு மணி நேரத்தில் பதில் போடுகிறவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது.

“தேதியெல்லாம் ஞாபகம் இல்லீங்க. சாப்பிடும்போது சொல்லுவாரு, நான் எழுதி வச்சுப்பேன். அந்தப் பதினோரு வருஷமும் அப்படித்தான். லெட்டர் மட்டும் நீங்களே வாங்கிக் குடுத்துட முடியுமா? நாங்க இப்ப பேசிக்கறதில்ல.”

யார் அவர் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அது வால் சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை. லிஃப்ட் மெக்கானிக் என்றார். கொஞ்சம் பொறுத்து, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வரை என் வீட்டுக்காரர் என்றார். பெரிய சண்டை எதுவும் இல்லையாம். வேலைக்காக மேடம் மட்டும் கல்லூரிப் பக்கம் வீடு பார்த்து வந்தாராம், வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தது மாதம் ஒருமுறை ஆகி, அப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லையாம். நம்பரை ஒவ்வொரு எண்ணாக நிதானமாகச் சொன்னார். எங்கும் பார்த்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

எனக்குத் தலைக்குள் குடைச்சல் ஆரம்பித்துவிட்டது. ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக் குளவியோடு என்ன கொடுக்கல் வாங்கல்? அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் நான் இதையே சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு என் கணவர், “உனக்குக் கோடு நீளமா குட்டையான்னு பாக்கத்தான் காசு. நீ ஏன் குளவிக்கூட்டுல கைய விடுற?” என்றார். நியாயமான கேள்விதான். மறுநாள் காலை ஒப்புதல் கடிதத்தையும் கட்டுரையையும் அச்செடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

போனில் அவர் வரச் சொன்ன இடம் ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்று. வாசலிலேயே ‘லிஃப்ட் பழுது பார்க்கப்படுகிறது’ என்று அட்டை தொங்கியது. ஆறு மாடியையும் ஏறி, அதற்கு மேல் மொட்டை மாடிக்கு இரும்பு ஏணியில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, மெஷின் ரூம் என்று சொல்லப்பட்ட அந்தச் சின்ன அறைக்குள்ளிருந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். நெற்றியில் கிரீஸ் தீற்றல். உட்காரச் சொல்லி ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துத் துடைத்துப் போட்டார். அறை முழுக்க எண்ணெய் வாசனை. நடுவில் பெரிய மோட்டார், அதன் சக்கரத்தில் விரல் தடிமனில் நாலு கம்பிக் கயிறுகள் தரைக்குள் இறங்கிப் போயின. சுவரோரம் பீரோ மாதிரி ஒரு கன்ட்ரோல் பெட்டி. அதன் கதவில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அட்டை கட்டித் தொங்கியது.

அந்த அட்டையில்தான் எல்லாமே இருந்தது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு லிஃப்டையும் பார்த்துவிட்டு, என்ன செய்தோம் என்று அதில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டுமாம். பிரேக் சரிபார்க்கப்பட்டது. கயிறு எண்ணெயிடப்பட்டது. நடுநடுவே ‘குளவிக்கூடு நீக்கப்பட்டது’. மேலே உயரத்தில், யாரும் வராத, கதகதப்பான அறை. குளவிக்கு இதைவிட என்ன வேண்டும்? ரிலே என்கிற சுவிட்சுகளுக்கு நடுவில், சாவித் துவாரத்தில், ஒயர் போகிற குழாயில் என்று மண்ணைக் கொண்டு வந்து அப்பி வைத்துவிடுமாம். ஒரு தடவை ஒரு கூட்டால் ரிலே ஒட்டாமல் லிஃப்ட் நின்று, நாலு பேர் அரை மணி நேரம் நடுவில் மாட்டிக்கொண்டார்களாம். அதிலிருந்து கூட்டைப் பார்த்தால் அகற்ற வேண்டும், அகற்றியதாக எழுத வேண்டும் என்பது கம்பெனி விதி. அவர் அதை வீட்டில் போய்க் கதையாகச் சொல்ல, மனைவி அதை நோட்டுப் புத்தகத்தில் எழுத, நாற்பது கட்டடத்து லிஃப்ட் அட்டைகள் விஞ்ஞானம் ஆகிவிட்டன. எனக்கு இதைக் கேட்கக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அறுபத்து மூன்று ரெஃபரன்ஸில் ஒன்றுகூட இந்த மாதிரி மோட்டாருக்குப் பக்கத்தில் பிறந்திருக்காது.

ஒப்புதல் கடிதத்தை நீட்டினேன். இந்த இடத்தில் தேதி, இந்த இடத்தில் கையெழுத்து, அவ்வளவுதான் என்றேன். அவர் அதைக் கீழே வைத்துவிட்டுக் கட்டுரையைக் கேட்டார்.

“படிக்காம போடமாட்டேங்க. எங்க வேலையில பாக்காம கையெழுத்துப் போட்டா ஆள் போயிடும்.”

எழுத்தை எல்லாம் தள்ளிவிட்டு நேராக மூன்றாம் அட்டவணைக்குப் போனார். ஒயர்களைச் சோதிப்பவர் போல ஒவ்வொரு வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். கட்டடத்துக்கு எண்தான் போட்டிருந்தது. ஆனாலும் எது எந்தக் கட்டடம் என்று அவருக்கு வருடத்தைப் பார்த்தே தெரிந்தது. தபால் நிலையம் பின்னாடி, பல் டாக்டர் இருக்கிற கட்டடம், நீலப் பெயின்ட் என்று முணுமுணுத்தார். பதினேழாவது வரிசையில் விரல் நின்றது. அப்புறம் இருபத்தி மூன்றில். அப்புறம் முப்பத்தொன்றில். விரலை எடுக்காமலே, நீக்கிய பிறகு திரும்பி வந்தது என்று போட்டிருக்கே, அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார். பழைய கூட்டை எடுத்த பிறகும் குளவி மறுபடி வந்தது என்று அர்த்தம் என்றேன்.

“இந்த மூணு எடத்துலயும் நான் எடுக்கலீங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை. அட்டையில் நீக்கப்பட்டது என்று இருக்கிறதே என்றேன். எழுதினேன், எடுக்கவில்லை என்றார். கல்யாணமான புதிதில் ஒருநாள், உடையாமல் பெயர்ந்து வந்த ஒரு கூட்டைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். மனைவிக்குப் பூச்சி என்றால் உயிர் என்று. மனைவி ஊசியால் கூட்டின் ஒரு அறையைத் திறந்து பார்த்தாராம். உள்ளே அசையாமல் கிடந்த நாலைந்து சிலந்திகள், அதில் ஒன்றின் மேல் ஒட்டிக்கொண்டு அரிசிமணி மாதிரி ஒரு வெள்ளைப் புழு. அம்மாக் குளவி சிலந்தியைக் கொட்டி மயக்கி, குழந்தைக்குச் சாப்பாடு கட்டி வைத்து, கதவை மூடிவிட்டுப் போயிருக்கிறது. திறந்த அறையை மறுபடி மூட முடியவில்லை. இரண்டு நாளில் புழு காய்ந்துவிட்டது. “பாவம், நாமதான் இதோட வீட்டுக் கதவ ஒடச்சோம்” என்று மனைவி சொன்னாராம், அழுதாராம்.

“அதுக்கப்புறம் மூடின கூட்டு மேல கை போகல. ரிலேல இருந்தா வேற வழி இல்ல, எடுத்துடுவேன். இந்த மூணு எடத்துல பழைய கன்ட்ரோல் பெட்டி ஒண்ணொண்ணு சும்மா கெடக்கு. கரன்ட் கெடையாது. அதுக்குள்ள கட்டினா யாருக்கு என்ன? விட்டுட்டேன். கார்டுல மட்டும் எழுதிடுவேன்.”

மேடத்துக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அவங்க கார்டைத்தான் கேட்டாங்க, கார்டுல இருக்கறதைத்தான் சொன்னேன் என்றார். மூன்று கட்டடம்தானே என்று நினைத்து அட்டவணையைப் பார்த்தால், ‘நீக்கிய பிறகும் திரும்பியவை’யில் பாதிக்கு மேல் அந்த மூன்று கட்டடங்களில்தான். எடுத்த இடங்களில் குளவிகள் பெரும்பாலும் திரும்பவே இல்லை. அதாவது கட்டுரை சொன்னதற்கு நேர் எதிர்.

கடிதத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். நீங்களே சொல்லிடுங்க, சொன்னதுக்கு அப்புறமும் வேணும்னா எங்க வேணா கையெழுத்துப் போடறேன் என்றார். இப்போதே போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது. அவருக்கு இந்தக் கட்டுரையால் மேடத்தின் வேலை நிரந்தரமாகும் என்பது தெரியாது. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, மீதி இருந்த கோடுகளையெல்லாம் நீளமாக்கினேன். இரண்டு இடத்தில் தொகுதி எண்ணுக்குப் பக்கத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, வைத்தேன். வால் பளபளவென்று ஆகிவிட்டது. தலையை வெட்டப்போகிற போனை எடுக்க மட்டும் கை வரவில்லை. எனக்கு என்ன வந்தது, நான் சொன்னால்தானே தெரியும், என் வேலை முடிந்துவிட்டது என்று நாலு விதமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பதினேழாவது வரிசையில் நின்ற அந்த விரல் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த மனிதர் சுலபமாகப் போட்டிருக்கக்கூடிய ஒரு கையெழுத்தைப் போடாமல் இருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடத்தை அழைத்தேன்.

கேட்டு முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. நான் அழுகையை எதிர்பார்த்தேன், கோபத்தை எதிர்பார்த்தேன். எந்தெந்தக் கட்டடம் என்று கேட்டார். பதினேழு, இருபத்தி மூன்று, முப்பத்தொன்று என்றேன். பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஏன் எடுக்கலையாம் என்று கேட்டார். சாப்பாட்டு டப்பாவையும் புழுவையும், வீட்டுக் கதவை உடைத்தோம் என்று மேடமே சொல்லி அழுததையும் சொன்னேன்.

“நான் அப்படியா சொன்னேன்?”

பென்சிலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“எனக்கு ஞாபகமே இல்லீங்க. டப்பா ஞாபகம் இருக்கு. புழுவ ஞாபகம் இருக்கு. அழுதது ஞாபகம் இல்ல.”

இனி என்ன செய்யப்போகிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார். திங்கட்கிழமைக்குள் இதைத் திருத்த முடியாது, இதழுக்கு எழுதி அவகாசம் கேட்கப்போகிறேன், கொடுப்பார்களா தெரியாது. கொடுத்தாலும் கல்லூரி அதுவரை காத்திருக்காது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சட்டென்று வேறு ஆள் போல, பதினோரு வருஷம் யாரும் தொடாத கூடு மூணு கட்டடத்துல இருக்குன்னா அது எப்படிங்க இருக்கும் என்று கேட்டார். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டியிருக்குமா, பக்கத்தில் கட்டியிருக்குமா, பழைய அறையைச் சுத்தம் செய்து மறுபடி முட்டையிட்டிருக்குமா? இப்படி ஒன்றை யாரும் பார்த்ததாக அவர் படித்ததே இல்லையாம். அந்த அறுபத்து மூன்றிலும் இல்லை. அதற்கு நானே சாட்சி. மெஷின் ரூமுக்கு அவர் அனுமதி இல்லாமல் போக முடியாது, நீங்கள் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். எனக்கு இப்போது இருவருக்கும் நடுவில் கம்பிக் கயிறு வேலை.

சனிக்கிழமை காலை, அந்த மூன்றில் ஒன்றான பல் டாக்டர் கட்டடத்தின் மொட்டை மாடியில் மூன்று பேரும் நின்றோம். மேடம் பழைய சுடிதாரும் கான்வாஸ் ஷூவும் போட்டு, பையில் அளவுகோல், சுரண்டி, சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளோடு வந்திருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்து, வாங்க என்றும் உம் என்றும் சொல்லிக்கொண்டார்கள். அதற்கு மேல் என்னைப் பார்த்தே பேசினார்கள். பெட்டி எத்தனை வருஷமா சும்மா இருக்குன்னு கேளுங்க என்பார் மேடம், அவர் இரண்டடி தள்ளி நிற்கும்போதே. பதிமூணு வருஷம்னு சொல்லுங்க என்பார் அவர். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் எழுதிவிடுவார்.

மெக்கானிக் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வந்து, மூலையில் இருந்த துருப்பிடித்த பெட்டியின் கதவை மெதுவாகத் திறந்தார். உள்ளே இரும்பே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை மண். குழல் குழலாக, அடுக்கடுக்காக, சிலது சுவரோடு ஒட்டி, சிலது ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, ஓட்டை விழுந்தவை, மூடியவை, பாதி கட்டியவை. மேடம் மண்டிபோட்டார். கொஞ்ச நேரம் எதையும் தொடவில்லை, எழுதவில்லை. நானும் குனிந்து பார்த்தேன். மண் ஒரே நிறமாக இல்லை. அடியில் சாம்பல், அதன் மேல் ஒரு பட்டை செக்கச் செவேல், அப்புறம் கருப்பு, அதற்கு மேல் வெள்ளைத் துணுக்கு கலந்தது.

அந்தச் செவப்பு எந்த வருஷம்னு கேளுங்க என்றார் மேடம், சுரண்டி முனையால் அதைத் தொடாமல் காட்டி.

நான் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான். மாடிச் சுவர் பக்கம் நகர்ந்து கீழே தெருவைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன். பிறகு அவர் குரல், யாருக்கும் சொல்லாததுபோல் ஆரம்பித்தது.

“பக்கத்து மனைல அஸ்திவாரம் தோண்டினாங்கல்ல, அந்த வருஷம். அடி மண்ணு செவப்பு. எல்லாக் குளவியும் அங்கேந்துதான் எடுத்துட்டு வந்துச்சு. நீ அப்ப பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்த.”

பென்சில் ஓடியது. கருப்பு என்று மேடம் கேட்டார், என்னைப் பார்க்காமல். நாலாவது மாடி அம்மா மொட்டை மாடியில் தொட்டி வைத்தார்கள், எருமண். வெள்ளைத் துணுக்கு? சுண்ணாம்பு அடித்த வருஷம். அதுக்கு மேல இருக்கறது என்று மேடம் கேட்டபோது அவர் பெட்டியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார். அது நீ போன வருஷம், அந்த வருஷம் என்ன மண்ணுன்னு நான் கவனிக்கல என்றார். மேடம் அதையும் எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க என் மனசு துடித்தது; ஒருமுறையாவது அடக்கிக்கொண்டேன்.

மாடிப் படியில் யாரோ மூச்சிரைத்துக்கொண்டு ஏறி வந்து, லிஃப்ட் எப்ப வரும்னு சொல்ல முடியுமா என்று கீழிருந்து குரல் கொடுத்தார். மெக்கானிக் பதில் சொல்லத் திரும்பினார், ஒரு கையைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டே. அப்போதுதான் கதவு வழியாக அது உள்ளே வந்தது. மெல்லிய இடுப்பு, தொங்குகிற கால்கள், வாயில் ஈரம் காயாத ஒரு மண் உருண்டை. பெட்டிக்கு முன்னால் இரண்டு சுற்றுச் சுற்றியது. அது கட்டிக்கொண்டிருந்த குழலின் வாயை அவருடைய கட்டை விரல் மறைத்திருந்தது.

“அசையாதீங்க,” என்றார் மேடம், நேராக அவரிடமே.

அவர் அசையவில்லை. குளவி அவர் கட்டை விரலின் நகத்தில் இறங்கி, உருண்டையைக் கீழே போடாமல், கிரீஸ் படிந்த தோலின் மேல் வழி தேடி நடந்தது. மேடத்தின் முகம் அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கீழே இருந்தவர் மறுபடியும் கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை.